சமோவா: குலத்தலைவர் பட்டம் இல்லாதவர் தேர்தலில் நிற்க முடியாத நாடு

"சமோவாவின் அரசு, பொருளாதாரம், பண்பாடு பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல முடியுமா? அங்கே இன்னும் குலத்தலைவர்கள் ஆட்சிதான் என்கிறார்களே, அதை ஜனநாயகம் என்று சொல்லலாமா?" இதுதான் கேள்வி.

மூன்றையும் தனித்தனியாகப் பிரித்து எழுதலாம் என்று உட்கார்ந்தேன். முடியவில்லை. தேர்தல் பற்றி எழுதினால் அது குடும்பத்தில் போய் நிற்கிறது, நிலம் பற்றி எழுதினாலும் அங்கேதான் போய் நிற்கிறது. ஆக்லாந்தின் தெற்குப் பகுதியில் ஒரு சரக்குக் கிடங்கில் ஆறு வருடம் சமோவாக்காரர்களோடு வேலை பார்த்தேன். அவர்களில் ஒருவரோடு அவர் ஊருக்குப் போய்ப் பத்து நாள் தங்கியும் இருக்கிறேன். கீழே இருப்பதில் பாதி படித்தது, பாதி அவர்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். சமோவா வேறு, அமெரிக்க சமோவா வேறு. 1899-ல் ஜெர்மனியும் அமெரிக்காவும் அந்தத் தீவுக் கூட்டத்தைப் பங்கு போட்டுக்கொண்டன. கிழக்குப் பகுதி இன்றும் அமெரிக்காவிடமே இருக்கிறது. மேற்குப் பகுதி ஜெர்மனியிடம் இருந்தது. 1914-ல் உலகப்போர் தொடங்கியதும் நியூசிலாந்து அதைப் பிடித்துக்கொண்டது. 1962 ஜனவரி 1 அன்று அது தனி நாடானது. 1997 வரை 'மேற்கு சமோவா' என்று பெயர், பிறகு வெறும் சமோவா. உப்போலு, சவாயி என்று இரண்டு பெரிய தீவுகள், சில குட்டித் தீவுகள், ஏறக்குறைய இரண்டு லட்சம் மக்கள். தலைநகர் ஆபியா உப்போலுவில் இருக்கிறது.

இனி குடும்பம். அவர்கள் மொழியில் 'ஆயிஙா'. ரோமன் லிபியில் 'ஜி' எழுத்தைப் போட்டு எழுதுவார்கள், ஆனால் உச்சரிப்பு 'ங'. ஆங்கிலம் பேசுகிறவர்கள் இதில் தடுமாறுவார்கள். நமக்கு எழுத்தே இருக்கிறது. சுற்றத்தை விட்டுவிடாமல் தழுவிக்கொள் என்பதற்கு நம் பெரியவர்கள் இந்த 'ங'வைத்தான் உதாரணம் காட்டினார்கள். சமோவாக்காரர் குடும்பத்தைக் குறிக்கும் சொல்லில் அதே எழுத்து உட்கார்ந்திருப்பதை நான் அங்கே ஒருவரிடம் சொன்னபோது மனிதருக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஆயிஙா என்பது அப்பா அம்மா பிள்ளைகள் மட்டுமல்ல. பெரியப்பா, அத்தை, தாய்வழி, தந்தைவழி, கொண்டான் கொடுத்தான் எல்லாரும் சேர்ந்த பெருங்குடும்பம். அதற்கு ஒரு தலைவர் உண்டு. அவர்தான் 'மத்தாய்'. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பட்டம் குடும்பத்தின் சொத்து, மூத்த மகனுக்குத் தானாகப் போய்ச் சேராது. குடும்பம் கூடிப் பேசி ஒருவரைத் தேர்ந்தெடுக்கும். அவர் ஒழுங்காக நடக்காவிட்டால் திருப்பியும் வாங்கிக்கொள்ளலாம். ஒரே பட்டத்தை நாலைந்து பேர் பகிர்ந்துகொள்வதும் உண்டு. பெண்களும் மத்தாய் ஆகலாம், ஆனால் எண்ணிக்கையில் குறைவு. மத்தாய்கள் கூடி ஊரை நடத்துகிற ஊர்ச்சபைகளில் சில, பெண் மத்தாய்களை உட்காரவே விடுவதில்லை. மத்தாய்களில் அலிஈ என்பவர் உயர்ந்த தலைவர், துலாஃபலே என்பவர் அவருக்காகப் பேசுகிற நாவலர். கையில் நீளத் தடியும் தோளில் தேங்காய் நார்க் குஞ்சமுமாக எழுந்து நின்று வம்ச வரலாற்றை மடமடவென்று சொல்வார். அலிஈ பெரும்பாலும் வாயே திறப்பதில்லை.

இப்போது நாடாளுமன்றத்துக்கு வருவோம். பெயர் ஃபோனோ. 51 தொகுதிகள். பிரதமர், அமைச்சரவை, உச்ச நீதிமன்றம் எல்லாம் வெஸ்ட்மின்ஸ்டர் பாணிதான், அதாவது பிரிட்டிஷ் நாடாளுமன்ற முறை. சடங்கு ரீதியான நாட்டுத் தலைவர் ஒருவர் உண்டு, நாடாளுமன்றம் அவரைத் தேர்ந்தெடுக்கும். பழக்கத்தில் அந்தப் பதவி நாட்டின் மிக உயர்ந்த நான்கு அரச பட்டங்களுக்குள்ளேயே சுற்றிவருகிறது. ஆனால் வேட்பாளராக நிற்க மத்தாய் பட்டம் வேண்டும். 1990 வரை ஓட்டுப் போடவே பட்டம் வேண்டும் என்று இருந்தது. அந்த வருடம் நடந்த பொதுவாக்கெடுப்புக்குப் பிறகுதான் 21 வயதான எல்லாருக்கும் ஓட்டுரிமை வந்தது. அதற்கு முன் நடந்த கூத்து சுவாரசியமானது. ஓட்டு வேண்டும் என்பதற்காகவே குடும்பங்கள் பட்டங்களை உடைத்து உடைத்துப் புது மத்தாய்களை உருவாக்கின. அவர்களுக்கு 'ஓட்டு மத்தாய்' என்று கேலிப்பெயரே இருந்தது.

பட்டம் மட்டும் போதாது. 'மொனோதாஙா' செய்திருக்க வேண்டும். அதாவது ஊருக்குச் செய்யவேண்டிய கடமை. ஊர்ச்சபைக்குப் பணமோ, பன்றியோ, பாயோ, உழைப்போ கொடுத்துவந்திருக்க வேண்டும். இதைச் செய்யவில்லை என்று வேட்பாளர்களை எதிர்த்து வழக்குப் போட்டு, நீதிபதி உட்கார்ந்து 'இவர் எந்தக் காரியத்துக்கு எவ்வளவு கொடுத்தார்' என்று விசாரிப்பதெல்லாம் அங்கே சாதாரணம். வெளிநாட்டில் இருந்தபடி ஓட்டுப் போடவும் வழியில்லை. ஓட்டு வேண்டுமென்றால் விமானம் ஏறி வரவேண்டும்.

"அப்படியானால் இது பெரிய வீட்டுக்காரர்கள் ஆட்சிதானே?" என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். 2021-ல் நடந்ததைப் பார்த்தபின் என் கருத்து கொஞ்சம் மாறியது.

மனித உரிமைப் பாதுகாப்புக் கட்சி என்ற கட்சி ஏறக்குறைய 40 வருடம் ஆண்டுகொண்டிருந்தது. பிரதமர் துயிலாயெப்பா சைலேலே 1998 முதல் அதே நாற்காலியில். 2020-ல் அவர் அரசு நிலம், பட்டம் சம்பந்தமான வழக்குகளை விசாரிக்கும் தனி நீதிமன்றத்தை உச்ச நீதிமன்றத்தின் கண்காணிப்பிலிருந்து பிரிக்கச் சட்டம் கொண்டுவந்தது. துணைப் பிரதமராக இருந்த ஃபியாமே நயோமி மட்டாஃபா அதை எதிர்த்து விலகினார். இவர் நாட்டின் முதல் பிரதமரின் மகள். தந்தையின் 'ஃபியாமே' பட்டத்தை நீதிமன்றம் வரை போய்ப் போராடி வாங்கியவர். விலகியவர், வேறொருவர் புதிதாகத் தொடங்கியிருந்த ஃபாஸ்ட் என்ற கட்சிக்குத் தலைவரானார்.

2021 ஏப்ரல் 9 தேர்தலில் ஆளும் கட்சிக்கு 25, ஃபாஸ்டுக்கு 25, சுயேச்சை ஒருவர். அந்தச் சுயேச்சை யார் பக்கம் என்று நாடே பார்த்துக்கொண்டிருந்தபோது தேர்தல் ஆணையர் ஒரு கணக்கைக் கொண்டுவந்தார். பெண்கள் குறைந்தது 10 சதவீதம் இருக்கவேண்டும் என்று அரசியல் சட்டம் சொல்கிறது. 51-ல் 10 சதவீதம் 5.1. ஜெயித்த பெண்கள் ஐந்து பேர், அது 9.8 சதவீதம். ஆகவே ஆறாவது பெண் வேண்டும் என்று ஆளும் கட்சிப் பெண் ஒருவரைக் கூடுதல் உறுப்பினராக அறிவித்துவிட்டார். சுயேச்சை ஃபாஸ்ட் பக்கம் போனார். 26-26. நாட்டுத் தலைவர் மறுதேர்தலுக்கு உத்தரவிட்டார். கூடுதல் உறுப்பினரும் செல்லாது, மறுதேர்தலும் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

தேர்தல் முடிந்து 45 நாளுக்குள் சபை கூடியாகவேண்டும். கடைசி நாள் மே 24. சனிக்கிழமை இரவு சபைக் கூட்டத்தை நிறுத்தி நாட்டுத் தலைவர் உத்தரவிட்டார். ஞாயிறன்று சர்ச்சுக்குப் போவதைத் தவிர எந்த வேலையும் நடக்காத அந்த நாட்டில், ஞாயிற்றுக்கிழமை நீதிபதிகள் கூடி அந்த உத்தரவை ரத்து செய்தார்கள். திங்கள் காலை தலைமை நீதிபதி அங்கியும் விக்கும் அணிந்து நடந்தே சபைக் கட்டடத்துக்குப் போனார். கதவு பூட்டியிருந்தது. திரும்பி நடந்தார். மாலையில் புல்வெளியில் ஷாமியானா போட்டு, அதற்குள் ஃபியாமேயும் அவர் கட்சியினரும் பதவியேற்றுக்கொண்டார்கள். ஜூலை 23-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், ஷாமியானாவுக்குள் நடந்தது செல்லும் என்றது. சில நாளில் பழையவர் இறங்கிக்கொண்டார். ஒரு துப்பாக்கி வெளியே வரவில்லை. அந்த நாட்டுக்கு ராணுவமே கிடையாது என்பதும் ஒரு காரணம்.

நாட்டின் முதல் பெண் பிரதமராக வந்தவரின் கதை சுபமாக முடியவில்லை. சொந்தக் கட்சி உடைந்து, 2025 மே மாதம் பட்ஜெட் தோற்று, சபையைக் கலைத்தார். ஆகஸ்ட் தேர்தலில் ஃபாஸ்ட் கட்சியே மறுபடி ஜெயித்தது, ஆனால் லாவுலி ஷ்மிட் தலைமையில். ஃபியாமே தொடங்கிய புதுக் கட்சிக்குக் கிடைத்தது சில இடங்கள்தான்.

ஆபியாவில் நடப்பது இப்படி. ஆனால் ஊருக்குள் போய்விட்டால் அரசு என்பது வேறு. நான் தங்கியிருந்தது சவாயித் தீவில் கடலோரக் கிராமம். முதல் நாள் சாயங்காலம் சாலையோரம் நடந்துகொண்டிருந்தேன். எங்கேயோ மணியடிக்கிற சத்தம். பிறகுதான் தெரிந்தது, அது மணி அல்ல, மரத்தில் தொங்கவிட்ட காலி கேஸ் சிலிண்டரை இரும்பால் தட்டுகிறார்கள். இடுப்பில் லாவாலாவா கட்டிய இரண்டு பேர் சாலையோரத்தில் வந்து நின்றார்கள். கிரிக்கெட் விளையாடிக்கொண்டிருந்த பையன்கள் மட்டையைப் போட்டுவிட்டு ஓடினார்கள். என்னை ஒரு பாட்டி கையைக் காட்டிக் கூப்பிட்டு, சுவரே இல்லாத தன் வீட்டுக்குள் உட்காரவைத்தார். அது 'சா', மாலைப் பிரார்த்தனை நேரம். கால் மணி நேரம் ஊரில் யாரும் நடமாடக்கூடாது. நடந்தால் ஊர்ச்சபை அபராதம் போடும், மீன் டின் பெட்டியாகவோ பன்றியாகவோ கட்டவேண்டும். வீடு வீடாகத் துதிப்பாடல் கேட்டது. மறுபடி சிலிண்டரைத் தட்டினார்கள், பையன்கள் விட்ட இடத்திலிருந்து விளையாடினார்கள்.

அபராதம் மட்டுமல்ல, ஒரு குடும்பத்தையே ஊரைவிட்டுத் தள்ளிவைக்கவும் ஊர்ச்சபைகள் முடிவெடுப்பதுண்டு. 1990-ல் வந்த சட்டம் அவற்றின் அதிகாரத்தை எழுத்தில் ஒப்புக்கொண்டது. ஊரில் இருக்கிற சர்ச்சை விட்டு வேறு கிறிஸ்தவ சபையில் ஜெபிக்கப் போனதற்கெல்லாம் தள்ளிவைத்து, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், மத உரிமை என்று தீர்ப்பு வந்த கதைகள் உண்டு. ஊர்க்கட்டுப்பாடு என்றால் என்ன என்று தெரிந்தவர்களுக்கு இதன் இரண்டு பக்கமும் புரியும். போலீஸ் இல்லாமலே ஊர் அமைதியாக இருக்கிறது, ஆனால் ஒத்துப்போகாதவன் பாடு திண்டாட்டம்.

பொருளாதாரத்துக்கு வந்தால், முதலில் நிலம். ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு குடும்ப நிலம். அதை விற்கக்கூடாது என்று அரசியல் சட்டமே சொல்கிறது. மத்தாய் மேற்பார்வையில் குடும்பத்தினர் பயிர் செய்துகொள்வார்கள், குத்தகைக்கு விடலாம், அவ்வளவுதான். வீட்டு முற்றத்திலேயே தாத்தா பாட்டி கல்லறை இருக்கும், குழந்தைகள் அதன்மேல் உட்கார்ந்து விளையாடும். இந்த நிலம் யாருடையது என்பதற்கு அதைவிடப் பெரிய பத்திரம் வேண்டுமா? இதனால் ஊரில் நிலமற்ற ஏழை என்று யாரும் பெரிதாக இல்லை. சேப்பங்கிழங்கு, சீமைப்பலா, தேங்காய், வாழை, மீன் கிடைத்துவிடும். ஆனால் பேங்க் அடமானமாக எடுக்காத நிலத்தை வைத்துத் தொழில் தொடங்கக் கடன் வாங்க முடியாது. உலக நிதி நிறுவனங்கள் பல வருடமாக இதைத்தான் 'சீர்திருத்த'ச் சொல்கின்றன. ஊர்க்காரர்கள் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள், அந்தச் சந்தேகம் நியாயம் என்றே எனக்குப் படுகிறது.

சேப்பங்கிழங்கு என்றதும் ஒன்று. 1990-லும் 1991-லும் இரண்டு பெரும் புயல்கள் அடித்தன. அதிலிருந்து எழுந்த கையோடு 1993-ல் சேம்பில் இலைக்கருகல் நோய் வந்தது. ஏற்றுமதிக்காக எல்லாரும் ஒரே ரகத்தையே நட்டிருந்தார்கள். அந்த ரகம் நோய்க்குத் தாங்கவில்லை. அதுவரை நாட்டின் பெரிய ஏற்றுமதியே இந்தக் கிழங்குதான். ஒன்றிரண்டு வருடத்தில் அது ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போயிற்று. ஆக்லாந்து சந்தையை ஃபிஜி பிடித்துக்கொண்டது. பிறகு வெளியூர் ரகங்களோடு கலந்து நோய் தாங்கும் கிழங்கை உருவாக்கினார்கள், ஆனால் போன சந்தை போனதுதான். கார்களுக்கு வயரிங் செய்யும் யசாக்கி என்ற ஜப்பானியத் தொழிற்சாலை 1990-களிலிருந்து ஆயிரக்கணக்கானோருக்கு வேலை கொடுத்தது. ஆஸ்திரேலியாவில் கார் தயாரிப்பு நின்றதோடு 2017-ல் அதுவும் மூடிவிட்டது.

மிச்சம் இருப்பது சுற்றுலாவும் வெளிநாட்டுப் பணமும். வெளியே இருப்பவர்கள் அனுப்புகிற பணம் நாட்டின் மொத்த உற்பத்தியில் கால் பங்குக்கு மேல். நியூசிலாந்தில் மட்டுமே சமோவா வம்சாவளியினர் இரண்டு லட்சத்துக்கு மேல் இருக்கிறார்கள். சொந்த நாட்டின் மக்கள்தொகைக்குச் சமம். நிரந்தரமாகக் குடியேறியவர்கள் தவிர, 2007-லிருந்து நியூசிலாந்துத் தோட்டங்களுக்கு ஆப்பிள், கிவி பறிக்கப் பருவகாலத் தொழிலாளர்கள் போகிறார்கள். ஆஸ்திரேலியாவுக்கும் போகிறார்கள். பணம் வருகிறது. ஆனால் ஊரில் தென்னை ஏற ஆளில்லை, போலீஸ் வேலையையும் ஆசிரியர் வேலையையும் விட்டுவிட்டுப் பழம் பறிக்கப் போகிறார்கள் என்று புலம்பலும் கேட்கிறது.

இந்த உறவு எவ்வளவு முக்கியம் என்பதற்கு இரண்டு வேடிக்கை. நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் இருக்கிற சொந்தக்காரர்கள் பழைய கார் அனுப்ப வசதியாக, 2009 செப்டம்பர் 7 அன்று நாடே சாலையின் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்கு மாறியது. 2011-ல் நாட்காட்டியையே மாற்றினார்கள். ஒரு நாள் மாறி அடுத்த நாள் தொடங்குகிற தேதிக்கோட்டின் அந்தப் பக்கம் இருந்ததால் சிட்னியில் திங்கள் என்றால் ஆபியாவில் ஞாயிறு. வாரத்தில் நான்கு நாள்தான் சேர்ந்து வியாபாரம் செய்ய முடியும். ஆகவே டிசம்பர் 29 வியாழன் இரவு தூங்கி 31 சனியன்று எழுந்தார்கள். 30-ந் தேதி வெள்ளிக்கிழமை அந்த நாட்டில் நடக்கவே இல்லை. சனிக்கிழமையை ஓய்வு நாளாக வைத்திருந்த அட்வென்டிஸ்ட் என்ற கிறிஸ்தவ சபையினருக்குள் எது நிஜமான ஏழாம் நாள் என்று பெரிய தகராறு.

வருகிற பணம் எங்கே போகிறது? பெரும்பகுதி 'ஃபாலாவெலாவே'யில். சொல்லுக்கு நேர்ப்பொருள் சிக்கிக்கொள்வது. சாவு, கல்யாணம், பட்டமேற்பு, புது சர்ச் என்று வரும்போது குடும்பம் சேர்ந்து கொடுக்கவேண்டியதற்கு அதுதான் பெயர். நம் மொய் போலத்தான், ஆனால் அளவு பெரியது. பணக்கட்டு, மீன் டின் பெட்டிகள், உப்பு மாட்டிறைச்சி டின்கள், பாய்கள் வந்து இறங்கும். அந்த இறைச்சி டின்னுக்கு 'பிசுப்போ' என்று பெயர். முதன்முதலில் தீவுக்கு வந்த டின் பட்டாணி சூப், அதன் ஆங்கிலப் பெயரே எல்லா டின்னுக்கும் நிலைத்துவிட்டது. யார் என்ன கொண்டுவந்தார் என்று வாசலில் நின்று உரத்த குரலில் அறிவிப்பார்கள். கொண்டுவந்தவருக்குத் திருப்பியும் செய்வார்கள். கிடங்கில் என்னோடு வேலை பார்த்த நண்பர் பெரியம்மா சாவுக்காக வட்டிக்கடையில் கடன் வாங்கினார். "ஏன்ப்பா, இவ்வளவு எதுக்கு?" என்று கேட்டேன். "எங்கப்பா செத்தப்போ அவங்க வந்தாங்களே" என்றார், அதற்குமேல் பேச்சில்லை.

பாய் என்றேனே, தரையில் விரிக்கிற பாய் என்று நினைக்காதீர்கள். 'இயே தோஙா' என்பது தாழை இலையை நூலாகக் கிழித்துப் பெண்கள் மாதக்கணக்கில் முடைவது. நல்ல பாய் பட்டுப்போல மடியும், ஓரத்தில் சிவப்பு இறகு இருக்கும். யாரும் அதில் படுப்பதில்லை, கை மாறிக்கொண்டே இருக்கும். பழையது ஆக ஆக மதிப்பு கூடும். 2019-ல் யுனெஸ்கோ பண்பாட்டுப் பட்டியலில் சேர்ந்தது.

அந்தப் பாய்க்கு இன்னொரு வேலை இருக்கிறது. ஒருவன் இன்னொரு குடும்பத்தவரைக் கொன்றுவிட்டாலோ பெரிய அவமானம் செய்துவிட்டாலோ, அவன் குடும்பத் தலைவர் விடியுமுன் பாதிக்கப்பட்ட குடும்பத்தின் வீட்டு வாசலில் போய்த் தலைமேல் இயே தோஙாவைப் போர்த்திக்கொண்டு உட்காருவார். பெயர் 'இஃபோஙா'. அந்தக் குடும்பம் கொல்ல நினைத்தால் கொல்லலாம். மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார். மன்னித்தால் உள்ளேயிருந்து ஒருவர் வந்து பாயை எடுப்பார். நீதிமன்றங்கள் இன்றும் தண்டனையைத் தீர்மானிக்கும்போது இஃபோஙா நடந்ததா என்று பார்க்கின்றன.

1970-களில் ஆக்லாந்தில் விசா காலம் முடிந்தவர்களைத் தேடுகிறோம் என்று முக்கியமாகப் பசிபிக் தீவுக்காரர்கள் வீட்டைக் குறிவைத்து விடியற்காலையில் போலீஸ் புகுந்தது. 2021 ஆகஸ்ட் 1 அன்று பிரதமர் ஜெசிந்தா ஆர்டர்ன் அதற்கு மன்னிப்புக் கேட்டபோது, ஆக்லாந்து டவுன் ஹாலில் பெரிய பாயால் அவரை மூடினார்கள், பிறகு எடுத்தார்கள். மண்டபத்தில் பலர் அழுதார்கள். நியூசிலாந்து அவர்களுக்குப் பட்ட கடன் அது மட்டுமல்ல. 1918 நவம்பரில் ஆக்லாந்திலிருந்து வந்த தலூன் என்ற கப்பலைத் தனிமைப்படுத்தாமல் ஆபியாவில் இறங்கவிட்டார்கள். இன்ஃப்ளுயன்சா பரவி ஐந்தில் ஒருவர் செத்தார், சுமார் 8,500 பேர். துறைமுகத்தை மூடிய அமெரிக்க சமோவாவில் ஒருவர்கூடச் சாகவில்லை. அதன்பின் எழுந்த 'மாவு' என்ற அறவழிப் போராட்டத்தின் ஊர்வலத்தில் 1929 டிசம்பர் 28 அன்று போலீஸ் சுட்டது. அமைதியாக இருங்கள் என்று கையுயர்த்திய தலைவர் துப்புவா தமசேசேவும் குண்டடிபட்டு இறந்தார். இதற்கான மன்னிப்பு 2002-ல்தான் வந்தது. 1962-ல் அரசியல் சட்டம் எழுதியவர்கள் மத்தாய்களிடமே நாடாளுமன்றத்தை ஒப்படைத்ததற்குக் காரணம் இந்த வரலாற்றில் இருக்கிறது. வெளியார் ஆண்ட 60 வருடத்தில் கலையாமல் நின்ற அமைப்பு அது.

ஆகவே ஜனநாயகமா என்ற கேள்விக்கு என் பதில்: ஜனநாயகம்தான், ஆனால் ஓட்டுப் போடுவது தனிமனிதராக, நிற்பது குடும்பத்தின் பெயரால். அந்த வாசலில் பெண்களும் பட்டம் கிடைக்காத இளைஞர்களும் அதிகம் தடுக்கப்படுகிறார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

வட்டிக்குக் கடன் வாங்கினாரே, அந்த நண்பருக்கு இரண்டு வருடம் கழித்துக் குடும்பப் பட்டம் கிடைத்தது. ஊருக்குப் போய் ஊர்ச்சபைக்கு விருந்து வைத்து, பட்டமேற்று, கையில் காசில்லாமல் திரும்பினார். பட்டம் வாங்கினால் பெயருக்கு முன்னால் அது சேர்ந்துவிடும், அதற்குப்பின் பழைய பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட மாட்டார்கள். கம்பெனி அடையாள அட்டையில் பழைய பெயரே இருந்தது. அதே ஃபோர்க்லிஃப்ட், அதே இரவு ஷிஃப்ட். எங்கள் சூப்பர்வைசரும் சமோவாக்காரர். வேலை சொல்ல வந்தவர் முதல் நாளே தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் புதுப் பெயரில் கூப்பிட்டார்.